பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

ஒரு பாட்டு ஜனங்களின் மனத்தில் நிலைபெற்றுவிட்டால், அதைப் பாடி எல்லாரையும்விட அதிகப் புகழ் அடைந்தவர் யாரோ அவருக்கே அது முழு உரிமை என்று தீர்மானித்துவிடுவது எந்த நாட்டிலும் காணப்படும் வழக்கம். சாகித்தியம் செய்தவர் யார், மெட்டமைத்தவர் யார், முன்னால் அதைப் பாடியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்விதமாகப் பாடினார்கள் என்ற விசாரணையில் சாமானிய ரசிகர்கள் இறங்குவதில்லை. இறங்குவதற்கு வேண்டிய செய்திகளை அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவர்களும் குறைவு. இந்த வழக்கத்தினால் இறந்துபோன கலைஞர்களுக்கு அநீதி நேர்கிறது என்பது ஒருபுறமிருக்க, உயிரோடிருந்து கேட்கிற நமக்கும் பெரிய நஷ்டம் உண்டாகிறது என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால், ஒரு நல்ல பாட்டின் முழு அழகு எந்த ஒரு பதிவிலும் அடங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு காலமும் அதை எப்படிப் பாடிற்று என்று வரிசையாகக் கேட்கிறபோதுதான் அந்தப் பாட்டுக்குள் எவ்வளவு இடம் இருந்தது என்பது நமக்குத் தெரியவருகிறது.

இதற்கு உதாரணமாக அமெரிக்காவில் பிறந்த ஒரு பழைய காதல் பாட்டின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘ஆர் யூ லோன்சம் டுநைட்’ என்ற அந்தப் பாட்டை எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்றே உலகம் அறியும். அவர் அதைப் பதிவு செய்தது 1960ஆம் ஆண்டில். ஆனால் பாட்டு இயற்றப்பட்டது 1926இல். அதாவது, எல்விஸ் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால். சாகித்தியம் செய்தவர் ராய் டர்க். மெட்டமைத்தவர் லூ ஹேண்ட்மன். இருவரும் நியூயார்க்கில் ‘டின் பான் ஆலி’ என்று பெயர் பெற்ற பாட்டு வியாபார வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டுக்கு வீடு பியானோ இருந்த அந்தக் காலத்தில், ஒரு பாட்டு வெற்றி பெற்றது என்றால் அதன் அச்சிட்ட ஸ்வரத்தாள்கள் நிறைய விற்றன என்றுதான் பொருள். ஆகையால், சாதாரணக் குடும்பத்துப் பெண்ணோ பிள்ளையோ மாலை நேரத்தில் வாசித்துப் பாடக்கூடியதாகவும், இரண்டு முறை கேட்டால் மனத்தில் தங்கிவிடக்கூடியதாகவும், எல்லார் வாழ்க்கையிலும் எப்போதாவது நேரக்கூடிய ஒரு துயரத்தைச் சொல்வதாகவும் பாட்டை அமைக்கும் வித்தையில் அவர்கள் தேர்ந்திருந்தார்கள்.

இந்தப் பாட்டின் அமைப்பு மிகவும் எளிமையானது. மூன்று மூன்றாகத் தட்டுகிற வால்ட்ஸ் என்ற நடன தாளத்தில் அது நிதானமாகச் செல்லும். தன்னை விட்டுப் பிரிந்துபோன காதலியை நோக்கி ஒருவன் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறான்: இன்றிரவு உனக்கும் தனிமையாக இருக்கிறதா, நாம் பிரிந்ததில் உனக்கும் வருத்தமுண்டா என்கிற ரீதியில் அவை போகின்றன. ஒரு கேள்விக்காவது பதில் வருவதில்லை. பதில் வராது என்று பாடுகிறவனுக்கும் தெரியும். ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பாட்டு முழுவதும் இவ்வளவுதான். கதை இல்லை, வர்ணனை அதிகமில்லை, கோபமோ சாபமோ இல்லை. இப்படிப் பாதிக்குமேல் காலியாக விடப்பட்ட பாட்டாக இருந்ததனால்தான், பின்னால் வந்த ஒவ்வொருவரும் தம்தம் சுபாவத்தையும் தம்தம் காலத்தையும் அதற்குள் கொண்டுவந்து வைக்க முடிந்தது.

1927ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தப் பாட்டு பல கம்பெனிகளால் பதிவு செய்யப்பட்டது. அவற்றுள் மூன்று பதிவுகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ஒலிப்பதிவுக் கலையே தன் முதற்பருவத்திலிருந்து இரண்டாம் பருவத்துக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. மே மாதத்தில் சார்லஸ் ஹார்ட் என்ற பாடகர் ஹார்மனி ரிக்கார்டுக்காகப் பாடினார். ஹார்மனி, கொலம்பியா கம்பெனி வெளியிட்ட மலிவு விலை ரிக்கார்டுகளின் பெயர். மின்சாரத்தைக்கொண்டு பதிவு செய்யும் முறை 1925லேயே கொலம்பியாவுக்கும் விக்டருக்கும் வந்துவிட்டபோதிலும், பழைய யந்திரங்களை வீணாக்க வேண்டாமென்று இந்த மலிவு ரிக்கார்டுகளை மட்டும் கொலம்பியா கம்பெனியார் பழைய முறையிலேயே தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழைய முறையில் மைக் கிடையாது. சுவரில் பதித்த பெரியதொரு புனலுக்கு முன்னால் பாடகர் நின்று பாட வேண்டும். அவருடைய மூச்சின் பலம் ஒன்றே புனலின் முனையிலுள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். அந்த அதிர்ச்சியே ஓர் ஊசியை அசைத்துச் சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஆகவே குரலைத் தாழ்த்திப் பாடினால் மெழுகில் ஒன்றும் ஏறாது. திடீரென்று உயர்த்தினால் ஊசி தடம் புரண்டு தட்டு வீணாகிவிடும். உச்ச ஸ்வரம் வரும்போது ஓரடி பின்வாங்குவதும், தாழ்ந்த ஸ்வரம் வரும்போது புனலுக்குள் முகத்தை நுழைப்பதும் பாடகர்கள் பழகிக்கொண்ட வித்தைகள். தனிமையைப் பற்றிய ஒரு பாட்டை, அறை நிறைந்த வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, ஒரு சபைக்குப் பிரசங்கம் செய்வதுபோல் உரத்த சாரீரத்தில் பாடவேண்டியிருந்தது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நிர்ப்பந்தத்துக்குள்ளும் சொல்லைச் சிதைக்காமல், துக்கத்தைக் கண்ணியமாகச் சொல்லிய பாடகர்களை இன்றைய செவியைக்கொண்டு கேட்டுச் சிரிப்பது பெரும் பிழை.

அடுத்த மாதமாகிய ஜூனில், எடிசன் கம்பெனிக்காக இதே பாட்டைப் பாடியவர் வான் டி லீத் என்ற பெண்மணி. இவருடைய பெயரை இன்று அமெரிக்காவிலேயே அறிந்தவர்கள் சொற்பம். ஆனால், குரலை உயர்த்தாமல், பக்கத்திலிருப்பவரின் காதோடு பேசுவதுபோல் பாடுகிற ‘குரூனிங்’ என்ற பாணியைத் தொடங்கி வைத்தவர்களில் இவர் முக்கியமானவர். 1920இன் தொடக்கத்தில், லீ டி ஃபாரஸ்ட் என்ற விஞ்ஞானி நியூயார்க்கில் ரேடியோ ஒலிபரப்பைச் சோதனை செய்துகொண்டிருந்தபோது பாட அழைக்கப்பட்டவர் இவர். உயர்ந்த ஸ்வரங்களை ஓங்கிப் பாடினால் ஒலிபரப்பு யந்திரத்தின் மென்மையான கண்ணாடி வால்வுகள் தாங்கமாட்டா என்று எச்சரிக்கப்பட்டதனால், சாரீரத்தைத் தாழ்த்தி மிருதுவாகப் பாடினார் என்றும், அதுவே ஒரு புதிய பாணியாயிற்று என்றும் கூறுவார்கள். பின்னால் ஆடவர் பலர் இந்தப் பாணியில் பாடிக் கோடீசுவரர்கள் ஆனார்கள். டி லீத் 1943இல் காலமானபோது அவரைப் பெரும்பாலோர் மறந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும்போது இந்தப் பாட்டின் கேள்விகளே வேறு முகம் கொள்கின்றன: விட்டுப்போனவள் இப்போது விடப்பட்டவளாகிக் கேட்கிறாள். பாட்டு பிறந்த சில மாதங்களிலேயே அதற்கு இந்த இரண்டாவது முகம் கிடைத்துவிட்டது என்பது நம் கவனத்துக்குரியது.

மூன்றாவது பதிவு ஆகஸ்டு மாதத்தில் விக்டர் கம்பெனிக்காக ஹென்றி பர் பாடியது. கனடாவில் பிறந்த இந்தப் பாடகர், புனலுக்குமுன் நின்று பாடிய தலைமுறையில் மிக அதிகமாகப் பாடித் தள்ளியவர்களுள் ஒருவர். தாம் ஆயிரக்கணக்கில் பதிவு செய்திருப்பதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். இப்படிப் பழைய முறையில் முற்றும் ஊறியவர், தம் தொழிலின் கடைசிக் கட்டத்தில் புதிய மின்சார மைக்கின் முன்னால் வந்து நின்றார். ஆக, ஒரே ஆண்டில் ஒரே பாட்டை மூன்று பேர் பாடியதில், முடிந்துகொண்டிருந்த ஒரு யுகமும், தொடங்கிக்கொண்டிருந்த ஒரு யுகமும், இரண்டுக்கும் நடுவே கால் வைத்து நின்ற ஒரு மனிதரும் நமக்குக் கிடைக்கிறார்கள். எந்தச் சரித்திரப் புஸ்தகமும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அதன்பின் பொருளாதார மந்தம் வந்தது. 1927இல் அமெரிக்காவில் 10 கோடிக்கு மேல் விற்ற ரிக்கார்டுகள், 1932இல் சுமார் 60 லட்சமாகக் குறைந்துபோயின என்று கணக்குச் சொல்கிறார்கள். எடிசன் கம்பெனி 1929லேயே ரிக்கார்டு வியாபாரத்தை நிறுத்திவிட்டது. ராய் டர்க் 1934இல், 42ஆம் வயதில் இறந்துபோனார். பட்டணத்துப் பாட்டுச் சந்தையில் பிறந்த எத்தனையோ பாட்டுகள் இந்தக் காலத்தில் கேட்பாரற்றுப் போயின. ஆனால் இந்தப் பாட்டு மட்டும் மெல்ல மலைநாட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. வர்ஜீனியா மாநிலத்து மலைப்பகுதியைச் சேர்ந்த கார்ட்டர் குடும்பத்தார் 1936இல் இதைப் பதிவு செய்தார்கள். கிராமத்துத் தேவாலயப் பாட்டுகளையும் தலைமுறை தலைமுறையாக வந்த துயரப் பாட்டுகளையும் பாடிவந்த குடும்பம் அது. நியூயார்க் நகரத்துத் தொழில்முறைப் பாட்டாசிரியர் ஒருவர் எழுதியதை, அந்த மலைவாசிகள் தங்கள் வீட்டுப் பாட்டுப்போல ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அதில் செயற்கை என்று தள்ளிவிட முடியாத ஏதோ ஓர் உண்மை இருந்திருக்கத்தானே வேண்டும்?

1950இல் பாட்டுக்கு மறுபிறப்பு ஏற்பட்டது. அந்த ஆண்டு புளூ பாரன் என்பவரின் வாத்திய கோஷ்டி வெளியிட்ட பதிவில், பாட்டின் நடுவே ஒரு பேச்சுப் பகுதி இடம்பெற்றது. உலகமே ஒரு நாடக மேடை என்று ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ஒரு பாத்திரம் கூறுகிற கருத்தைத் தொட்டுக்கொண்டு, காதலை இரண்டு அங்க நாடகமாகவும், காதலியை வசனத்தைத் திறமையாகப் பேசி வேஷம் போட்டவளாகவும், தன்னை வெறும் மேடையில் தனியே விடப்பட்டவனாகவும் அந்தப் பேச்சு உருவகம் செய்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில், கார்டன் ஜென்கின்ஸ் நடத்திய வாத்திய கோஷ்டியுடன் அல் ஜோல்சன் இந்தப் பேச்சோடு கூடிய பாட்டைப் பதிவு செய்தார். 1927இல், இந்தப் பாட்டு முதன்முதலில் ரிக்கார்டாக வந்த அதே ஆண்டில், ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் பாடிப் பேசித் திரையுலகத்தையே புரட்டியவர் ஜோல்சன். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பேசிப் பழகிய அந்த மனிதர், மேடை காலியாகிவிட்டது என்ற உருவகத்தை ஏற்றபோது அதற்கு ஓர் அலாதியான கனம் ஏற்பட்டது. அவர் அந்த அக்டோபரிலேயே காலமானார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. இராணுவ சேவையை முடித்துக்கொண்டு எல்விஸ் பிரெஸ்லி ஊர் திரும்பியது 1960 மார்ச்சு மாதத்தில். புதிய ரிக்கார்டுகளுக்கு ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மானேஜரான கர்னல் டாம் பார்க்கர், எந்தப் பாட்டைப் பாடவேண்டுமென்ற விஷயத்தில் பொதுவாகத் தலையிடாதவர். ஆனால் இந்த ஒரு பாட்டைமட்டும் பாடும்படி கேட்டுக்கொண்டார். காரணம், அது அவருடைய மனைவிக்குப் பிரியமான பாட்டு. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்தில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ‘பி’ ஸ்டூடியோவில், ஏப்ரல் 3ஆம் தேதி மாலையில் தொடங்கிய பதிவு விடிய விடிய நடந்தது. பன்னிரண்டு பாட்டுகள் ஒரே இரவில் பதிவாயின. அவற்றில் வேகமும் ஆரவாரமும் உள்ள பாட்டுகள் பல.

விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு இந்தப் பாட்டின் முறை வந்தது. வாசிக்க வேண்டாதவர்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, விளக்குகளையும் அணைக்கச் சொன்னார் எல்விஸ். ஒரு கித்தார், ஒரு பேஸ், பின்னணியில் ஜார்டனேர்ஸ் என்ற நால்வர் கோஷ்டியின் தணிந்த குரல்கள்; வாத்தியங்கள் ஏறக்குறைய அவ்வளவே. ஓரிரு முறை பாடியதும், இந்தப் பாட்டுக்கு என்னால் நியாயம் செய்ய முடியவில்லை, இதை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டதாக, அன்று பதிவு யந்திரத்தில் அமர்ந்திருந்த பில் போர்ட்டர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கம்பெனியின் சார்பில் உடனிருந்த ஸ்டீவ் ஷோல்ஸ் அதற்கு இணங்கவில்லை. இருட்டில் யாரோ மைக் தாங்கியில் இடித்துக்கொண்டார்கள், இன்னொரு முறை பாடினால் நல்லது என்று நயமாகச் சொல்லி மறுபடியும் பாடவைத்தார். கோடிக்கணக்கான பேர் பின்னால் கேட்ட பாட்டு, பாடியவராலேயே வேண்டாமென்று தள்ளப்பட்டு, ஒருவருடைய பொறுமையினால் காப்பாற்றப்பட்டது.

அந்தப் பதிவைக் கவனித்துக் கேட்டால், முந்தியவர்கள் அனைவருக்கும் அது எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்பது புலனாகும். நடுவிலே வரும் பேச்சு 1950இல் கேட்ட அதே பேச்சுத்தான். மைக்கை அணுகி, மூச்சும் கேட்கும்படி பாடுகிற பாணி, டி லீத் தலைமுறையினர் வழிவகுத்துக் கொடுத்தது. ஆனால் ஜோல்சனிடம் சபையை நோக்கிய முழக்கமாக இருந்த பேச்சு, எல்விஸிடம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் முணுமுணுப்பாக மாறிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அவர் விடும் இடைவெளியில் அந்த அறையின் நிசப்தமும் பதிவாகியிருக்கிறது. ஹார்ட் பாடிய மெழுகுத் தட்டில் நிசப்தத்தைப் பதிய முடியாது, இரைச்சல்தான் பதியும். பாட்டு பிறந்தபோதே அதற்குள் இருந்த தனிமையைக் கேட்பவர் செவிக்குக் கொண்டு சேர்க்கும் சாதனம், பல ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. எல்விஸின் மேதையை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த மேதைக்குப் பலரும் சேர்ந்து போட்டுவைத்த மேடை ஒன்று இருந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது தர்மமல்ல.

கம்பெனியார் தயங்கி ஏழு மாதங்கள் கையில் வைத்திருந்து, நவம்பர் 1ஆம் தேதி ரிக்கார்டை வெளியிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அது அமெரிக்காவில் முதலிடத்தை அடைந்து, ஆறு வாரங்கள் அங்கேயே இருந்தது. 1961 தொடக்கத்தில் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. பதில் வராத கேள்விகளாகவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலித்த பாட்டுக்கு, அப்போது தெல்மா கார்ப்பெண்டர், டோடி ஸ்டீவன்ஸ் முதலிய பாடகிகள் பதில் பாட்டுகளும் பாடி வெளியிட்டார்கள். இந்த வெற்றியைக் காண, சாகித்தியம் செய்த டர்க் இல்லை என்று முன்னமே சொன்னேன். மெட்டமைத்த ஹேண்ட்மனும் 1956 டிசம்பரில் காலமாகிவிட்டார். தங்கள் பாட்டு உலகத்தைச் சுற்றிவந்ததை அறியாமலே இருவரும் போய்விட்டார்கள்.

எல்விஸோடு பாட்டின் சரித்திரம் முடிந்துவிடவும் இல்லை. 1962இல் ஃபிராங்க் சினாட்ரா, வால்ட்ஸ் பாட்டுகள் மட்டுமே கொண்ட ‘ஆல் அலோன்’ என்ற இசைத்தட்டில் இதையும் சேர்த்துப் பாடினார். அதற்கு வாத்திய அமைப்புச் செய்தவர் கார்டன் ஜென்கின்ஸ். அதாவது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஜோல்சனுக்கு இதே பாட்டை நடத்திக் கொடுத்த அதே மனிதர். ஒரே கலைஞர் ஒரே பாட்டை இரண்டு பெரும் பாடகர்களுக்கு, இரண்டு வெவ்வேறு பருவங்களில் அமைத்துத் தந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு, பாட்டைப் பற்றிய பாடம் மட்டுமல்ல, ஒரு மனிதர் தம் தொழிலில் எப்படி முதிர்ந்தார் என்பதைப் பற்றிய பாடமும் கிடைக்கும்.

எல்விஸே பின்னால் இந்தப் பாட்டைப் பலவிதமாகப் பாடினார். 1969 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மேடையில், நடுவே ஒரு வரியை வேடிக்கையாக மாற்றிப் பாடியவர், அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கி, பாட்டு முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். பின்னணி பாடிய பெண்மணியோ சிறிதும் தடுமாறாமல் உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டே போனார். பிறகு 1977 ஜூன் மாதத்தில், உடல் தளர்ந்து போயிருந்த எல்விஸ் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ராப்பிட் சிட்டி என்ற ஊரில் பாடியது படமாக்கப்பட்டிருக்கிறது. நடுவிலே வரும் பேச்சில் சொற்கள் தவறிப்போக, அவர் வேடிக்கை பேசிச் சமாளிக்கிறார். பாட்டுக்குத் திரும்பியதும் குரல் மட்டும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகஸ்டு 16ஆம் தேதி அவர் இறந்துபோனார், வயது 42. ராய் டர்க் இறந்ததும் அதே வயதில்தான். முப்பது வயது நிறையாத இளைஞனாக இருளில் பாடியது, மேடையில் சிரித்துக்கொண்டே பாடியது, நோயுற்ற உடம்போடு தடுமாறிப் பாடியது ஆகிய மூன்றும் ஒரே பாட்டு, ஒரே மனிதர். எனினும் மூன்றும் வெவ்வேறு அனுபவங்கள்.

இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லுவதற்கு இந்தப் பாட்டு என்ன பெரிய காவியமா, உருகிக் கண்ணீர் விடவைக்கும் சாதாரணக் காதல் பாட்டுத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உருக்கமான பாட்டுகளை மட்டமாக எண்ணுவது படித்தவர்களிடையே பரவியிருக்கும் ஒரு பழக்கம். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய கவிகளின் காவியங்களைக் காப்பாற்றச் சர்வகலாசாலைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு காலத்து ஜனங்கள் வேலை முடிந்து வீடு திரும்பியபின், தங்கள் மனத்திலிருந்ததைச் சொல்ல வாய் வராமல், யாருடைய பாட்டைப் போட்டுக் கேட்டு ஆறுதல் அடைந்தார்களோ அந்தப் பாட்டுகளுக்கு அப்படிப்பட்ட காவலர்கள் இல்லை. பெயரில்லாத லட்சக்கணக்கான மனிதர்கள் எப்படிக் காதலித்தார்கள், எப்படிப் பிரிவைத் தாங்கினார்கள் என்பதற்கு அரசாங்கத் தஸ்தாவேஜுகளில் சாட்சி கிடையாது. அந்தச் சாட்சி இப்படிப்பட்ட ரிக்கார்டுகளில்தான் இருக்கிறது. அந்த ரிக்கார்டுகளை அழியவிட்டால் அந்த மனிதர்களையும் அழியவிடுகிறோம்.

அழிந்திருப்பவை கொஞ்சமல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, ரிக்கார்டு செய்வதற்கு வேண்டிய அரக்கு தட்டுப்பாடாகிவிட்டதனால், அமெரிக்காவில் பழைய ரிக்கார்டுகள் வீடு வீடாகச் சேகரிக்கப்பட்டு, புதியவை செய்வதற்காக உருக்கப்பட்டன. நியூஜெர்சி மாநிலத்துக் காம்டன் நகரில் விக்டர் கம்பெனியின் பழைய மூலத்தகடுகள் இருந்த கிடங்கு, 1960களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளப்பட்டதென்று பத்திரிகைகள் விசாரித்து எழுதியிருக்கின்றன. விக்டர் கம்பெனியை ஆர்.சி.ஏ. 1929இல் வாங்கிவிட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதாவது, எல்விஸின் இந்தப் பாட்டை உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்த அதே ஸ்தாபனம், இதே பாட்டை ஹென்றி பர் தனக்காகப் பாடிய காலத்தின் பொக்கிஷங்களை அந்த நாட்களிலேயே குப்பையாகக் கருதியது. 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் ஏற்பட்ட தீயில் டெக்கா முதலிய கம்பெனிகளின் மூல நாடாக்கள் இருந்த கிடங்கு எரிந்தது. எவ்வளவு நஷ்டம் என்பதைப் பற்றிப் பிற்பாடு விவாதம் எழுந்தது. நஷ்டம் என்பதில் விவாதமில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. வியாபாரத்தையே நிறுத்திவிட்ட எடிசன் கம்பெனியின் ரிக்கார்டுச் செல்வம், நியூஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில் எடிசனுடைய சோதனைச்சாலை இருந்த இடத்தில், தேசிய நினைவிடத்தின் பகுதியாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பழைய விக்டர் ரிக்கார்டுகள் பல்லாயிரத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011 முதல் யாரும் இலவசமாகக் கேட்கும்படி செய்திருக்கிறது. லாபம் பார்க்கிற ஸ்தாபனம் தன் பழைய சரக்கைக் காப்பாற்றும் என்று நம்பியிருப்பது வீண் என்பதும், பொதுஜனங்களின் சார்பில் நிற்கும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களுமே அதைச் செய்ய வல்லவை என்பதும் இவற்றிலிருந்து கிடைக்கும் படிப்பினை.

சட்டமும் இதற்கு அனுகூலமாக இருக்க வேண்டும். இப்போது நிலைமை விசித்திரமாக இருக்கிறது. 1926, 1927இல் எழுந்த சாகித்தியமும் மெட்டும் அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்டன. யாரும் அவற்றை எடுத்துப் பாடலாம். ஆனால் 2018இல் நிறைவேறிய சட்டப்படி, 1927இல் வெளியான ஒலிப்பதிவுகள் நூறு ஆண்டுகள் முடிந்து 2028 ஜனவரியில்தான் விடுதலை அடையும். 1950இல் வெளியான ஜோல்சனின் பதிவு 2061இலும், எல்விஸின் பதிவு 2067இலும்தான் அந்த நிலையை அடையும். இந்தியச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்கு அறுபது ஆண்டுகளே வைத்திருக்கிறது. அதுவே நியாயமான அளவென்று நான் கருதுகிறேன். நன்றாக விற்பனையாகிக்கொண்டிருக்கும் எல்விஸின் பதிவுக்கு நூறாண்டுக் காவல் இருப்பதனால் அந்தப் பதிவுக்கு ஆபத்தில்லை. யாருமே விற்காத, யாருமே தேடாத ஹார்ட்டுக்கும் டி லீத்துக்கும் அதே காவலை வைத்தால், அது காவல் அல்ல, சிறை. விற்பனையில் இல்லாத பழைய பதிவுகளை லாப நோக்கின்றிப் பயன்படுத்த அந்தச் சட்டத்திலேயே முன்னறிவிப்புக் கொடுத்துச் செய்யும் வழி ஒன்று இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் அது நூலகத்தார்மேல் சுமத்தப்பட்ட சிரமமாக இருக்கிறதேயன்றி, ஜனங்களின் உரிமையாக இல்லை.

சட்டத்தை மாற்றுவதைவிடச் சுலபமாகவும் செலவில்லாமலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பாட்டை ஒலிபரப்புகிறவர்களும், கைபேசிகளில் பாட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கும் ஸ்தாபனங்களும், பாடியவர் பெயரோடு சாகித்தியகர்த்தா பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் பாட்டு முதன்முதலில் வெளியான ஆண்டையும் சேர்த்துச் சொல்வதைக் கட்டாயக் கடமையாகக் கொள்ள வேண்டும். பல பேழைகளைத் திறந்து தேடினால் கிடைக்கும்படி எங்கோ ஒரு மூலையில் போட்டுவைப்பது போதாது. பாடகர் பெயர் இருக்கும் இடத்திலேயே அவையும் இருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால், ராய் டர்க், லூ ஹேண்ட்மன் என்ற இரண்டு பெயர்களும் எல்விஸின் பெயரோடு கூடவே உலகத்தைச் சுற்றி வந்திருக்கும்.

ரசிகர்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. நமக்குப் பிரியமான பாட்டு எதுவாயினும், அதைப் புகழ்பெறச் செய்த பதிவைக் கேட்டதோடு நின்றுவிடாமல், அதற்கு முன்னால் பாடியவர்களைத் தேடிக் கேட்க வேண்டும். முதலில் அந்தக் குரல்கள் விநோதமாகத்தான் இருக்கும். ரிக்கார்டின் இரைச்சலும் பழைய உச்சரிப்பும் குறுக்கே நிற்கும். இரண்டு மூன்று முறை பொறுமையாகக் கேட்டுவிட்டால், இரைச்சலைச் செவி தானே ஒதுக்கிவிடும். ஓர் ஆடவர் அல்லது ஒரு பெண்மணி தம் முழு மனத்தோடு பாடிக்கொண்டிருப்பது கேட்கும். பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்விக்கு அப்போது நியாயமான விடை கிடைத்துவிடும்: அதை இயற்றியவர்களும், பாடியவர்கள் அத்தனை பேரும், பாடவைத்தவர்களும், பாதுகாத்தவர்களும் கூட்டாகவே அதற்குச் சொந்தக்காரர்கள், அவர்களில் ஒருவருக்கு மட்டும் பட்டா எழுதிக்கொடுக்க நமக்கு அதிகாரமில்லை.